துரோகியின் வாய்

மூன்றாவது முறையாக அந்தச் சீட்டு ஓவியக்காரி ஒர்சொலினாவின் மேசைக்குத் திரும்பியிருக்கிறது. ஃபெராரா பிரபு விளையாடும் படச் சீட்டுக்கட்டில் மரணமும் நிலாவும் சக்கரமும் வரைந்தாயிற்று. துரோகி என்ற சீட்டு மட்டும் பாக்கி. அரண்மனைக் காரியஸ்தர் தத்தேயோ வாசலை அடைத்து நிற்பதால் மதிய வெயில் பாதிதான் உள்ளே விழுகிறது. அதில் தங்கரேக்கு மினுங்க, ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான் துரோகி. முகத்தில் வலியே இல்லை. "துரோகின்னா அலற வேண்டாமாம்மா? இவன் சாப்பிட்டுட்டுத் தூங்கறான்!" என்கிறார் அவர். "அலற வைக்கத்தான்யா உக்கார்றேன். கை கேக்க மாட்டேங்குது." ஊரைக் காட்டிக்கொடுத்தார் என்று நகரமன்றச் சுவரில் அவள் அப்பாவை இப்படித்தான் தலைகீழாக, ஆனால் வாய் பிளந்து அலற வரைந்திருக்கிறார்கள். பத்து வருஷமாகச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அந்த வாயைக் கடந்துதான் போகிறாள். வெளியூர்க்காரரான தத்தேயோவுக்கு அது தெரியாது. "இப்பவே அவன் வாயத் திற. நான் நிக்கறேன்." அவள் தூரிகையைச் சிவப்பில் தோய்க்கிறாள். உதடு வரை கொண்டுபோன முனையைப் பின்னுக்கு இழுக்கிறாள். "சே!" என்று துடைத்துவிட்டு, கறுப்பைத் தொட்டு, அந்த உதடுகளை இன்னும் அழுத்தமாக மூடுகிறாள். "காஞ்சதும் எடுத்துட்டுப் போங்கய்யா" என்று சீட்டை அவர் பக்கம் தள்ளுகிறாள். "வாயத் திறக்க வேற ஆளப் பாத்துக்கோங்க."