குழாய் வெடித்த தெரு

"ஓடாதே குட்டி, அப்படியே நில்லு!" என்று அண்ணி கத்தி முடிப்பதற்குள் தண்ணீர் இருவர் தலையிலும் வந்து கொட்டிவிட்டது.

தெருமுனையில் பூமிக்கடியில் போகிற பெரிய குழாய் வெடித்திருந்தது. தண்ணீர் இரண்டாம் மாடி ஜன்னல்வரை எழும்பி, அங்கே கொஞ்சம் யோசித்துவிட்டு, போகிறவர் வருகிறவர் எல்லோர்மீதும் ஓரவஞ்சனை இல்லாமல் விழுந்தது.

குட்டிக்கு வயது நாற்பது. ஊரில் அவள் கணக்கு டீச்சர். வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே ஒன்பதாம் வகுப்பு கப்சிப் ஆகிவிடும். அவளைக் குட்டி என்று கூப்பிடும் துணிச்சல் உலகத்தில் அண்ணி ஒருத்திக்குத்தான் உண்டு.

அப்பேர்ப்பட்ட டீச்சர், ஒரு செருப்பைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போக, ஒற்றைக் காலில் நொண்டியபடி அதைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

காலையில் என்ன பாடு பட்டார்கள்! அண்ணி உடைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். முடியை அவிழ்த்தாள், கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். "இன்னைக்கு நான் பாக்க லட்சணமா இருக்கணும்" என்றாள்.

இப்போது அதே முடி முகத்தில் அப்பியிருந்தது. கண்மை கன்னத்தில் இறங்கியிருந்தது. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

முடிதிருத்தும் கடையிலிருந்து ஒருவர், பாதி முகம் சோப்பு நுரையோடு வேடிக்கை பார்க்க வந்தார். தண்ணீர் அவருக்கு முகம் கழுவிவிட்டது. முதல் மாடிப் பெண் ஒருத்தி பூந்தொட்டியைக் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றாள். வங்கிக் காவலாளி அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழுக்கைத் தலையைப் பக்தியோடு காட்டினார்.

"அண்ணி, அங்க பாருங்க!"

பஸ் நிறுத்தத்துக்கும் மருந்துக் கடைப் பலகைக்கும் நடுவே, கைக்கெட்டும் உயரத்தில் ஒரு வானவில்.

கைக்கெட்டுமா என்று டீச்சர் எட்டிப் பார்த்தும்விட்டாள். கை நனைந்ததுதான் மிச்சம்.

கோடை விடுமுறை விட்ட மறுநாளே, பயிற்சி வகுப்பு என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இந்த மாநகரத்துக்கு வந்தவள் அவள். அண்ணிக்கு ஐந்தாம் மாடியில் ஒற்றை அறை. லிஃப்ட் கிடையாது. அண்ணி பல்செட் செய்கிற இடத்தில் வேலை பார்த்தாள். வேலை மிஞ்சினால் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வருவாள். வந்த மறுநாள் டீச்சர் கண்விழித்ததே, ஜன்னலோரம் காயவைத்திருந்த பிளாஸ்டர் பல் அச்சுகளின் முகத்தில்தான். காலை வெயிலில் வரிசையாக உட்கார்ந்து அவளைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன. போட்ட அலறலில் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டினார்.

நாலு நாளில் அவையே அழகாகத் தெரிய ஆரம்பித்தன. அப்புறம் எதைப் பார்த்தாலும் அழகுதான். எதிர் மொட்டைமாடியில் காய்கிற படுக்கை விரிப்புகள் எல்லாம் ஒரே மூச்சில் வயிறு உப்புவது. கீழே பஸ் திரும்பும்போது அதன் கண்ணாடி வெளிச்சம் அறைக் கூரையில் ஒரு மீனைப் போல நீந்திவிட்டுப் போவது.

பஸ்ஸில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால், அண்ணி டீச்சர் காதோரம் குனிந்து, "மேல் வரிசை நம்ம கடைச் சரக்கு" என்பாள். அடுத்த நிறுத்தம்வரை இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக் குலுங்குவார்கள்.

டீச்சர் வந்த புதிதில் அண்ணி சிரிக்கவே இல்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை.

குழாய்க்காரர் நீளமான சாவியோடு வந்து சாலையில் எதையோ திறந்து எதையோ திருகினார். தண்ணீர் குள்ளமாகி, முழங்கால் உயரமாகி, நின்றது. கூடியிருந்தவர்கள் எல்லோரும் "ச்ச்சே" என்றார்கள். குழாய்க்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஐயோ, நேரமாச்சு!" அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். செருப்புகள் பிச்சுக் பிச்சுக் என்று கத்த, இருவரும் ஓடினார்கள்.

குடும்ப நீதிமன்றத்தின் வராந்தாவில் எதிரெதிரே பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் போய் உட்கார்ந்ததும் காலடியில் ஒரு குட்டை சேர்ந்தது. அண்ணி அதைப் பார்த்தாள். டீச்சர் அண்ணியைப் பார்த்தாள். அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்த சிரிப்பு மூக்கு வழியாக வெளியே வந்துவிட்டது.

எதிர் பெஞ்சிலிருந்து டீச்சரின் அண்ணன் எழுந்தார்.

"நீயா? நீ எப்ப வந்தே?"

"லீவு விட்டதுலேர்ந்து இங்கதாண்ணா இருக்கேன். அண்ணி ரூம்ல."

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

பெயர் கூப்பிடுகிற ஊழியர் சத்தம் கேட்டு வந்தார். டீச்சரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாரும்மா? இவங்களுக்கு என்ன வேணும்?"

"நாத்தனார்."

"அப்ப நீங்க புருஷன் தரப்பு. அந்தப் பக்கம் போய் உக்காருங்க."

"நான் அண்ணியோட வந்திருக்கேன்."

ஊழியர் குரலைத் தாழ்த்தினார். "உள்ள போய்க் கையெழுத்து போட்டுட்டா, அப்புறம் அவங்க அண்ணி இல்லம்மா."

"அது அண்ணனுக்கு" என்றாள் டீச்சர். "துவட்டிக்க ஒரு துண்டு கிடைக்குமா? அண்ணிக்கு ஈரத்தலை ஆகாது."