சிவப்பு அசை

"எக்ஸ்-ப்ளோ-சி-வோ" என்று முதலாளி அண்ணாச்சி நான்கு முறை கை தட்டினார்.

லேப்டாப் திரையில், பெரு நாட்டிலிருந்து பேசிய பெண்மணி தலையசைத்தார்.

எங்கள் பட்டாசை வாங்கப் போகிறவர். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பெட்டியோடு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பு நோட்டீஸ் போக வேண்டும். ஸ்பானிஷ் சொற்களை அசை அசையாகப் பிரித்து, அழுத்திச் சொல்ல வேண்டிய அசையைச் சிவப்பில் அச்சிட வேண்டும். தயாரிப்பவர்களுக்கும் அது புரிந்திருக்க வேண்டுமாம். அதற்குத்தான் இந்த வீடியோ கால்.

அசை பிரித்தவன் நான். உயிரெழுத்தில் முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். பி.காம். படித்தவனுக்கு இது கஷ்டமில்லை. ஆர்டர் கைநழுவினால் என் மேஜையும் போய்விடும் என்று மேனேஜர் காசிராஜன் காலையிலேயே சொல்லியிருந்தார்.

'பெ-லி-க்ரோ', அதாவது ஆபத்து, என்று அச்சிட்ட முதல் தாளை அண்ணாச்சி இருக்கன்குடி அம்மன் பாதத்தில் வைத்து எடுத்து வந்திருந்தார். குங்குமம் பட்டு எல்லா அசையும் சிவந்திருந்தது. கேமராவுக்கு வேறு தாள் எடுத்தோம்.

யார் பிரித்தது என்று பெண்மணி கேட்டார். அண்ணாச்சி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

இவ்வளவு பொறுப்பான வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று அடுத்துக் கேட்டார் அவர்.

மேஜைக்கடியில் காசிராஜன் என் காலை மிதித்தார்.

என் மனைவி இங்கே வேலை பார்த்தாள், அவள் மூலம் வந்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

குடும்பமே பாதுகாப்புக்கு உழைக்கிறது என்று அவர் நெகிழ்ந்துபோனார். அவளையும் கூப்பிடச் சொன்னார்.

இன்றைக்கு லீவு என்று முந்திக்கொண்டார் அண்ணாச்சி.

பெயராவது சொல்லுங்கள் என்றார் பெண்மணி. சொன்னேன்.

அவரே பிரித்தார். பாண்-டி-மீ-னா. மூன்றாவதில் அழுத்தம். ஒவ்வொன்றுக்கும் கை தட்டினார். அண்ணாச்சியும் தட்டினார். காசிராஜனும் தட்டினார். என் கையும் தட்டியது.

ஆர்டர் உறுதியானது.

திரை அணைந்ததும் அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்தார். ஏழாம் நம்பர் ரூம் வெடித்ததை நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்துவிட்டாராம்.

அன்று சேலைக் கரையை வைத்துத்தான் பாண்டிமீனாவை அடையாளம் சொன்னேன். காரியம் முடிந்த கையோடு எனக்கு இந்த மேஜையைத் தந்தவரும் அண்ணாச்சிதான்.

கதவு வரை போனவர் திரும்பினார்.

"அந்தம்மா அடுத்த தடவை கேட்டா பிரசவ லீவுன்னு சொல்லிருலே, செந்தூர்பாண்டி. ஆறு மாசத்துக்குக் கேக்காது."

சரி அண்ணாச்சி என்றேன்.