காற்றுக்குப் பயந்தவன்

2019 செப்டம்பர், செர்பியாவின் நோவி சாத் நகரம். பெயர் கேட்காத எச்.ஐ.வி. பரிசோதனை நிலையத்தில், முடிவுக்காக இரண்டு மாணவர்கள் காத்திருந்தார்கள். அங்கே எண்தான் அடையாளம்.

ரெல்யாவின் கையில் மாவுக்கட்டு. அவன் கால் தன்னால் ஆடிக்கொண்டிருந்தது. அறைத்தோழன் வூகன், குறுக்குக் காற்று கழுத்தைப் பிடித்துவிடும் என்று எழுந்து ஒரு ஜன்னலைச் சாத்தினான்.

"இவன்ல ஜாக்கிரதையான பிள்ளை!" என்றாள் செவிலி, வூகனைக் காட்டி ரெல்யாவிடம். "உன் கட்டைப் பார்த்தாலே தெரியுது, நீ பாலத்துலேர்ந்து ஆத்துல குதிக்கிற ஜாதி. இப்ப நடுங்கி என்ன தம்பி?"

"போன வாரம்தான் குதிச்சேன் அக்கா. அதான் கட்டு."

"பதினேழு!" என்று மருத்துவர் கூப்பிட்டார்.

வூகன் எழுந்து போனான்.

"சோதனை அவனுக்கா?" என்றாள் செவிலி.

"அவனுக்குத்தான். ஆணுறை வேணும்னு கூடப் படுத்த பொண்ணுகிட்ட சொல்ல வெட்கமாம். கடையில கேக்கவும் வெட்கமாம். நான் கூட்டத்துலயே சத்தமா கேட்டு வாங்குவேன் அக்கா."

வூகனுக்குத் தொற்று இல்லை. திரும்பும் வழியில் மருந்துக்கடை வாசலில் ரெல்யா நின்றுகொண்டு, அவனை மட்டும் உள்ளே அனுப்பினான். வூகன் இருமல் மிட்டாயோடு வெளியே வந்தான். ரெல்யா மறுபடி அனுப்பினான். இந்த முறை ஆணுறை வாங்கி வந்தான்.