மாடி வீட்டு சூப்

மூடியைத் திறந்ததுமே மரியபுஷ்பத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கறுப்பும் பச்சையுமாக ஏதோ இலை, வழவழவென்று சூப்பில் மிதந்தது. அடுக்களை முழுக்கக் கடல் வாடை.

"மாடி வீட்டுக்காரி கொடுத்தாளா? என்னது இது?"

இளையவள் ஜெனிட்டா எட்டிப் பார்த்தாள். கோச்சிங் படிக்க தினமும் அமீர்பேட் போகிறவள். படித்த நேரம் போக மீதி நேரமெல்லாம் கொரியத் தொடராகப் பார்த்துத் தள்ளுகிறவள்.

"கடற்பாசி சூப்மா. அவங்க ஊர்ல பர்த்டேக்குச் செய்வாங்க," என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிறந்தநாள் சூப்பாம். அதுவும் இந்த வீட்டுக்கு.

மூத்தவள் ஸ்வீட்டி தலைப்பிரசவத்துக்காக ஹப்சிகுடாவுக்கு, தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பினாள். பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. வலி பொறுத்து அதைப் பெற்றுக் கொடுத்துவிட்டு வந்தவள், உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். படுத்தவள்தான். ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பிள்ளையோடு இவளையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று மரியபுஷ்பம் பயந்துகொண்டே இருந்தாள்.

பிள்ளைப் பேச்சையே யாரும் எடுக்கக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டிருந்தாள். இரவல் வாங்கிய தொட்டிலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆசை ஆசையாகக் கிண்டி வைத்த பிரசவ லேகியத்தை, மகள் கண்ணில் படாமல் பரண் மேல் ஏற்றியாயிற்று. பிள்ளையே இல்லை, இனி யாருக்கு லேகியம்?

"நம்ம வீட்டு விஷயம் அவளுக்குத் தெரியாதோ?"

"தெரியும்மா. நான்தான் சொன்னேன்."

தெரிந்துதான் கொடுத்திருக்கிறாள். மரியபுஷ்பத்துக்குச் சுருக்கென்றது.

மாடியில் குடியிருக்கும் சூஜின் மேல் அதுவரை அவளுக்கு ஒரு பிரமிப்புதான். கணவனுக்கு இங்கே ஆராய்ச்சி வேலை என்று கொரியாவிலிருந்து வந்தவள். ஒரு வேளைச் சோற்றுக்கு இத்தனை கிண்ணமா என்று பார்த்துப் பார்த்து மரியபுஷ்பம் மாய்ந்து போவாள். முட்டைக்கோஸை ஊறுகாய் போட்டு, அது புளித்து வாடை ஏற ஏறத்தான் ருசி என்பாள் சூஜின். அவள் ஊரில் எதற்கெடுத்தாலும் சாப்பாட்டை இழுத்துத்தான் பேச்சாம். முள்ளங்கிக்கு ஒரு சொலவடை, சோற்றுக்கு ஒரு சொலவடை என்று அவள் சொல்ல, ஜெனிட்டா தமிழில் சொல்ல, மரியபுஷ்பம் வாய் பிளந்து கேட்டதுண்டு.

அதில் ஒன்று இப்போது ஞாபகம் வந்து தொலைத்தது. இந்தக் கடற்பாசி வழுக்கும் என்பதால் பரீட்சைக்குப் போகிறவர்கள் இதைத் தொடமாட்டார்களாம். தோற்றுப்போனவனை இந்த சூப்பின் பேரைச் சொல்லித்தான் கேலி செய்வார்களாம்.

ஆக, தோற்றுப்போனவள் என்று என் மகளைக் கேலி செய்கிறாளா?

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். "கைக்கும்மா, எதுக்கு இந்தச் சண்டை? நக்கோ, வேணாம்," என்று அந்த ஊர் உருது கலந்து கெஞ்சிக்கொண்டே ஜெனிட்டா பின்னால் ஓடினாள்.

சூஜின் குனிந்து வணங்கி, இரண்டு கையாலும் பாத்திரத்தை வாங்கினாள். கொடுத்தது கொடுத்தபடி இருப்பதைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"சாவு விழுந்த வீட்டுக்குப் பிறந்தநாள் சூப் கொடுத்துவிடுறது என்ன நியாயம்னு கேளு."

ஜெனிட்டா காரத்தைக் குறைத்து ஆங்கிலத்தில் கேட்டாள். சூஜின் பதறிப்போய் நீளமாக ஏதோ சொன்னாள். கேட்கக் கேட்க ஜெனிட்டாவின் குரல் இறங்கிவிட்டது.

"பர்த்டே எல்லாம் அப்புறம்தானாம்மா. முதல்ல இது பிள்ளை பெத்தவங்களுக்குக் கொடுக்கிறதாம். உடம்பு தேறணும்னு வாரக்கணக்கா இதையே கொடுப்பாங்களாம். பர்த்டேக்குக் குடிக்கிறதே, பெத்த அன்னைக்கு அம்மா பட்ட பாட்டை நினைச்சுதானாம்."

மரியபுஷ்பம் விடவில்லை. "பிள்ளைதான் இல்லையேன்னு சொல்லு."

சூஜின் பாத்திரத்தைக் கீழே வைக்காமலே மெதுவாகப் பதில் சொன்னாள். ஜெனிட்டா அதைத் தமிழில் சொன்னாள்.

"பாப்பா இல்லதான். ஆனா அக்கா பெத்தாங்களே, அந்த உடம்பை யாராவது பார்க்கணுமேன்னு சொல்றாங்கம்மா."

மகளைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுவதாகத்தான் மரியபுஷ்பம் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பத்தியம் இல்லை, வெந்நீர்க் குளியல் இல்லை, இடுப்புக்குத் துணி கட்டவில்லை. பெற்ற தாய்க்குத் தெரியாதது, எங்கோ கடல் தாண்டி வந்தவளுக்கு எப்படித் தெரிந்தது? அவளுக்கு மலைப்பாக இருந்தது. திருவிருந்துப் பாத்திரத்தை வாங்குவது போல் இரண்டு கையாலும் அந்தச் சூப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

கீழே வந்து மகளை எழுப்பி உட்காரவைத்தாள். ஸ்வீட்டி முகத்தைச் சுளித்து, இது எதற்கு என்று கேட்டாள். மரியபுஷ்பம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஸ்வீட்டி கிண்ணத்தைக் கையில் வாங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே குடித்தாள். கிண்ணம் காலியாகும்வரை குடித்தாள்.

மரியபுஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஜெனிட்டா, ஸ்டூலைப் போட்டு ஏறு. பரண் மேல ஒரு டப்பா இருக்கும் பாரு, எடு."

"லேகியமா? இப்ப யாருக்கும்மா அது?"

"பிள்ளை பெத்தவளுக்கு."