மஞ்சள் விளக்கு

சுகந்தி சாவியைத் திருப்பியதும் புதுக் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அவள் பதறி இறங்கி வீட்டுக்குள் ஓடினாள். கார் குழம்பிப்போய், பக்கத்தில் நின்ற பழைய ஸ்கூட்டரிடம் கேட்டது.

"அக்கா, எனக்கு இருமல் இல்லை, புகை இல்லை. அப்புறம் ஏன் இந்த விளக்கு?"

"ஆயில் மாத்தினாங்களாடி?"

"நான் புதுசாச்சே, எனக்கு எதுக்கு?"

"புதுசுன்னாலும் தினம் ஓடுறேல்ல? அழுக்கு ஆயிலோட ஓடினா ஒருநாள் நடுரோட்டுல இன்ஜின் இறுகிடும்."

"ஐயோ, பின்சீட்டுல பாப்பா இருக்குமே."

சுகந்தி திரும்பி வந்தாள். "யார் கண்ணு பட்டுச்சோ" என்று முணுமுணுத்தபடி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிற்றைக் காரின் முன்னால் கட்டினாள். விளக்கு அணையவில்லை.

"இப்ப எனக்குச் சரியாயிடுச்சாக்கா?"

ஸ்கூட்டர் தன் கைப்பிடியைப் பார்த்தது. அதிலும் ஒரு எலுமிச்சம்பழம் காய்ந்து தொங்கியது. ஸ்கூட்டர் கடைசியாக ஓடிய அன்று கட்டியது.