ஆரிஃபாவின் சார்ட்

“தங்கச்சி, இப்ப எவ்வளவு போட்டிருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்.”

காலையிலிருந்து இது நாலாவது தடவை. பக்கத்துக் கட்டில் ஹாஜிராம்மாவுக்கு வேறு பேச்சே கிடையாது.

என் மகன் சவரிக்கு அன்று டைபாய்டு ஜுரத்தின் பத்தொன்பதாவது நாள். நாலு வயசுப் பிள்ளை, பார்லித் தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்காமல் துணி மாதிரிக் கிடந்தான். காலையில் நூற்றி நாலரை. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். “சாயந்திரம் இறங்கினால் பிழைத்தான்” என்றார். இறங்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சொல்லி அழவும் பக்கத்தில் ஆள் இல்லை. யுத்தகாலம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் என் வீட்டுக்காரருக்கு அரை நாள் லீவுகூடத் தரமாட்டார்கள்.

இந்த நிலைமையில் இந்த அம்மாவுக்குச் சார்ட் படித்துச் சொல்ல வேண்டுமாம்!

அந்த வார்டில் ஒரு கண்டிப்பு. ஜுரம் எவ்வளவு என்று தாய்மாரிடம் நர்ஸ்கள் வாய் திறக்கக் கூடாது. சொன்னால் நாங்கள் அழுது மற்றப் பிள்ளைகளையும் பயமுறுத்துவோமாம். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டில் இங்கிலீஷில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் கான்வென்ட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். நாங்கள் வந்து சேர்ந்த மறுநாளே ஹாஜிராம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். “படிச்ச புள்ளையாட்டம் இருக்கே. இதுல என்னா எழுதியிருக்கு?”

அவருடைய மகள் ஆரிஃபாவுக்கு ஏழு வயசு. அவளுக்கும் இதே ஜுரம்தான். சார்ட்டில் நூற்றி நாலு. வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் என்னையே பார்த்தன. எப்படிச் சொல்வது?

“நூத்தி ஒண்ணுங்க. இறங்கிக்கிட்டிருக்கு” என்றேன்.

“அல்லாவுக்குப் புகழ்!” என்றார்.

அன்று ஆரம்பித்த பொய். பத்து நாளாக அந்தப் பெண்ணின் ஜுரத்தை நான் வாயாலேயே இறக்கிக்கொண்டிருந்தேன். பாவமன்னிப்புக்குப் போகும்போது சாமியாரிடம் இதையும் சொல்ல வேண்டும்.

“தங்கச்சி, காதுல விழலையா? எவ்வளவு?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏங்க, என் பிள்ளை பிழைப்பானான்னு நானே தவிச்சுக்கிட்டிருக்கேன். உங்க பிள்ளை ஒண்ணுதான் பிள்ளையா? எழுத்துத் தெரியலேன்னா நர்ஸைக் கேக்க வேண்டியதுதானே!”

வார்டே திரும்பிப் பார்த்தது. எதிர்க்கட்டில் இருசம்மாள் மட்டும், “நாலு எழுத்துப் படிச்சா நாக்கும் நாலு முழம் நீளும்போல” என்றாள்.

ஹாஜிராம்மா கோபித்துக்கொள்ளவில்லை.

“நர்ஸம்மா சொல்லமாட்டாங்களே, தங்கச்சி” என்றார், அதே குரலில்.

வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். ஆரிஃபாவுக்கு நூற்றி நாலும் தாண்டியிருந்தது.

“நூறுதாங்க” என்றேன். “இன்னும் ரெண்டே நாள். கஞ்சி கேட்டு அழப்போறா பாருங்க.”

“உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்” என்று சிரித்தார்.

ஐந்து மணிக்கு நர்ஸ் வந்தாள். சவரியின் கக்கத்தில் தர்மாமீட்டரை வைத்தாள், எடுத்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுபடியும் உதறி வைத்து எடுத்தாள். சார்ட்டில் எழுதினாள். என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

ஏன் இரண்டு தடவை பார்த்தாள்?

எழுந்தேன். கால்மாட்டுக்கு மூன்றே அடி. என்னால் போக முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நீ உக்காரு. நான் பார்க்குறேன்.”

ஹாஜிராம்மா வந்து சார்ட்டைக் கழற்றினார். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

“நூத்தி ஒண்ணு. காலையில நூத்தி நாலரை. பல்ஸ் நூத்திப் பத்துலேருந்து தொண்ணூத்தாறுக்கு வந்திருக்கு. ‘ஸ்லீப்பிங் குவைட்லி’ன்னு எழுதியிருக்கா. புள்ளை தப்பிச்சுட்டான், தங்கச்சி!”

நான் சார்ட்டைப் பறித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. நூற்றி ஒன்றுதான். சவரியின் நெற்றியில் கை வைத்தேன். பிசுபிசுவென்று வேர்த்திருந்தது.

மாதாவே என்று கீழே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வந்த பிறகுதான் மற்றது உறைத்தது.

“உங்களுக்கு... இங்கிலீஷ் தெரியுமா?”

“எங்க அத்தா பினாங்குல கடை வெச்சிருந்தாங்க. கல்யாணம் ஆகுற வரைக்கும் எனக்கும் கான்வென்ட்தான்.”

“தெரியாதுன்னு...”

“தெரியாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? நீயா நெனச்சுக்கிட்டே.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“அப்ப, ஆரிஃபாவுக்கு நான் சொன்ன கணக்கெல்லாம்...”

“பொய்யின்னு தெரியும். நர்ஸ் எழுதிட்டு நகர்ந்ததும் நான்தானே மொதல்ல பார்ப்பேன்.”

“தெரிஞ்சுமா தினம் நாலு தடவை கேட்டீங்க? எதுக்கு?”

ஹாஜிராம்மா தன் மகள் பக்கம் திரும்பினார். கொதிக்கும் அந்த நெற்றியிலிருந்து துணியை எடுத்து, நனைத்துப் பிழிந்து மறுபடியும் போட்டார்.

“வந்த நாளா நீ ஓயாம அழுதுக்கிட்டே இருந்தே. எனக்குப் பொய் சொல்ற அந்த ரெண்டு நிமிஷம்தான், தங்கச்சி, உன் அழுகை நின்னுச்சு.”