வராத முகவரிகள்

வெள்ளத்தில் சிக்கியவர்கள் முகவரியைப் பதிவதற்காகச் சுகிர்தா அவசரமாக ஓர் இணையப் பக்கம் செய்திருந்தாள். அவள் செய்த முதல் பக்கம் அது. விவரத்தைப் போட்டு அனுப்பியதும், "பதிவாகிவிட்டது, காத்திருங்கள்" என்று காட்டும். காலையிலிருந்து ஊரே அதைப் பகிர்ந்துகொண்டிருந்தது.

மதியம், மீட்புப் படகோடு காத்து நின்ற செபாஸ்டின் போன் செய்தார். "எந்தப் பக்கம்மா போகணும்? இங்க ஒரு அட்ரஸும் வரலையே."

அவள் முகவரிகள் சேரவேண்டிய டேட்டாபேஸைத் திறந்து பார்த்தாள். காலியாக இருந்தது. பக்கத்துக்குள் அதன் பாஸ்வேர்டை எழுதும்போது ஓர் எழுத்தைத் தப்பாக அடித்திருந்தாள். பக்கம் அதோடு இணையவே இல்லை. இணைந்ததா என்று பார்க்காமலே எல்லோருக்கும் "பதிவாகிவிட்டது" என்று காட்டும்படி அவள்தான் எழுதியிருந்தாள். அந்த எழுத்தைத் திருத்தினாள்.

"இனிமே வரும்ணே."

"காலையில போட்டவங்க?"

"அதெல்லாம் சேரவே இல்லண்ணே. பதிவாயிடுச்சுன்னு நம்பி அவங்க மறுபடி போடமாட்டாங்க. போன்ல சார்ஜும் இருக்காது. நீங்க கிளம்புங்க. தெருத்தெருவா கூப்பிட்டுப் பாருங்க, நான் லைன்லயே இருக்கேன்."

என்ஜின் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"யாராச்சும் இருக்கீங்களா?" என்று செபாஸ்டின் கத்தினார்.

சுகிர்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மழைச் சத்தம் மட்டும் வந்தது.